கெமர் மொழி: மறுபடியும் முதல் பாடத்திலிருந்தா?

வாசகர் கேள்வி: என் ஊர் திருப்பூர். கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். வந்து நாலு வருஷம் ஆகிறது. இந்த நாட்டு மொழியான கெமர் கற்க மூன்று முறை இறங்கி மூன்று முறையும் விட்டுவிட்டேன். முதலில் ஃபோன் ஆப். கொஞ்ச நாளில் அலுத்துவிட்டது. அப்புறம் வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுத்த ஆசிரியர். ஷிப்மெண்ட் நெருக்கடி வந்ததும் வகுப்பு நின்றது. மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை எழுத்து வகுப்பு. மெய்யெழுத்து முடிந்து உயிர்க்குறிகளுக்கு வந்ததும் குழம்பிப்போய் நின்றுவிட்டேன். கேட்டதையெல்லாம் தமிழில் எழுதிய ஒரு நோட்டு மட்டும் மிச்சம். நடுவில் இன்னொன்றும் நடந்தது. லைனில் பெண்கள் தங்களுக்குள் பேசும்போது காதில் விழுந்த ‘ஸீ’ என்ற சொல்லை வைத்து வீட்டுக்காரப் பாட்டியிடம் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்டேன். பேத்திகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து வாய் திறக்கவே கூச்சம். போன மாதம் தையல் லைனில் ஒரு பெண் என்னிடம் வந்து அழுதுகொண்டே ஏதோ சொன்னாள். ஒரு வார்த்தை புரியவில்லை. மொழிபெயர்ப்பாளர் வரும் வரை மரம் மாதிரி நின்றேன். அது மனதை அறுக்கிறது. எனக்கு வயது 43. ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருஷம்தான். மறுபடி முதலிலிருந்து தொடங்கவா? இது தேறுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலிலிருந்து தொடங்காதீர்கள். விட்டுவிட்டுத் திரும்பி வருபவர்கள் எல்லோரும் செய்யும் முதல் வேலை அதுதான், அவர்களை மறுபடி விடவைப்பதும் அதுதான். வணக்கம் சொல்வது, பெயர் கேட்பது, ஒன்று முதல் பத்து, முப்பத்து மூன்று மெய்யெழுத்து எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததை நாலாவது முறையாகப் படித்தால் ஒரு வாரம் உற்சாகமாக இருக்கும், அப்புறம் சலிக்கும். சலிப்போடு நடந்து, போன முறை எங்கே விழுந்தீர்களோ அந்த இடத்துக்கு வந்து சேரும்போது கையில் தெம்பு இருக்காது. அதனால் நேராக அந்த இடத்துக்கே போங்கள். உங்கள் கடிதத்திலேயே அவை தெளிவாக இருக்கின்றன: அழுத பெண், சிரித்த பேத்திகள், உயிர்க்குறி.

அதற்கு முன் உங்கள் மனப்பாரத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுத்தரும் பயிற்சி நிலையம் ஒன்றை நடத்துகிறது. கெமர் கற்க அங்கே ஒதுக்கும் காலம் 44 வாரம், ஏறக்குறைய 1,100 வகுப்பு மணி நேரம். வேறு வேலை எதுவும் இல்லாமல், சம்பளத்தோடு உட்கார்ந்து படிப்பவர்களுக்கே அவ்வளவு. நீங்கள் பத்து மணி நேர ஷிஃப்ட் முடித்து வந்து, தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு படித்தவர். நீங்கள் நின்றுபோனதற்குக் காரணம் மூளையின் குறையும் அல்ல, வயதும் அல்ல. நேரம் கிடைக்கவில்லை. கிடைத்த நேரமும் உங்களுக்குத் தேவைப்படாத பாடங்களுக்குப் போய்விட்டது.

அந்தப் பெண்ணிடமிருந்தே தொடங்குவோம். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தையல் லைனில் ஒருவர் அழுதுகொண்டு மேற்பார்வையாளரிடம் வந்தால் அதிகமாகச் சொல்லக்கூடியவை ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். ‘ச்ஹூ’ என்றால் வலி, உடம்பு சரியில்லை. ‘ச்ஹூ க்பால்’ தலைவலி, ‘ச்ஹூ புஅஹ்’ வயிற்றுவலி, ‘கோன் ச்ஹூ’ குழந்தைக்கு உடம்பு சரியில்லை. ‘வில் முக்’ என்றால் தலைசுற்றல். காற்றோட்டம் இல்லாத ஹாலில் இந்தச் சொல்லை நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். ‘சொம் ச்பாப்’ லீவு கேட்பது. ‘காத் ப்ராக் க்ஹாஎ’ என்றால் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். இதில் வரும் ‘காத்’ கட்டிங் டேபிளில் நாள் முழுக்க உங்கள் காதில் விழும் அதே சொல்தான், துணியை வெட்டும் ‘காத்’. இப்படி ஒரு இருபது சொல் போதும். உங்கள் நாலாவது முயற்சியின் முதல் மாதம் முழுவதும் இந்த ஒரு பக்கத்துக்குத்தான்.

இதைப் பேசப் பழக வேண்டாம், முதலில் கேட்கப் பழகுங்கள். லைனில் நன்றாகப் பழகும் நாலைந்து பேரிடம் அனுமதி கேட்டு, இந்தச் சொற்களை வைத்து ஆளுக்கு ஐந்தாறு வாக்கியம் ஃபோனில் பேசித் தரச் சொல்லுங்கள். ஒரே ஆசிரியரின் குரலை நூறு முறை கேட்பதைவிட ஒரே சொல்லைப் பல பேர் வாயில் கேட்பதுதான் பெரியவர்களின் காதைத் திறக்கும். உங்களுக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. லைனில் இருப்பவர்கள் பிரே வேங், கம்போங் சாம், ஸ்வாய் ரியெங், தகேயோ என்று பல மாகாணங்களிலிருந்து வந்திருப்பார்கள், ஒவ்வொருவர் பேச்சும் கொஞ்சம் வேறு. போகவர வண்டியில் அதையே கேளுங்கள். அர்த்தத்தைத் தேடாமல், எந்தச் சொல் எங்கே முடிகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

புத்தக கெமரும் புனோம் பென் வாய்ப்பேச்சும் வேறு என்பதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஐந்துக்கு ‘ப்ராம்’ என்று ஆப் சொல்லித் தரும். புனோம் பென்காரர் சொல்லும்போது அந்த ரகரம் விழுந்துவிடும், ஹகரம் மாதிரி ஒரு மூச்சு வரும், குரல் சற்று இறங்கி ஏறும். கற்பது என்ற பொருளுள்ள ‘ரியன்’ அங்கே ‘ஹியன்’ ஆகிவிடும். ‘என்ன’ என்பதற்கு எழுத்தில் ‘அவெய்’, பேச்சில் வெறும் ‘எய்’. படித்த சொல்லே காதில் வரும்போது அடையாளம் தெரியாமல் போனதை, உங்களுக்கு மொழி வராது என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டு விட்டீர்கள். சென்னைத் தமிழைப் புத்தகத்தை வைத்துப் புரிந்துகொள்ள யாராலும் முடியாது, இல்லையா?

சரி, இப்போது அந்த நோட்டு. அதை மூடி வைத்துவிடுங்கள். நம் எழுத்தில் ஒரே ‘க’தான். கெமரில் மூச்சு இல்லாத க வேறு, மூச்சோடு வரும் க வேறு, இரண்டும் வேறு வேறு சொற்களைத் தரும். உங்கள் வேலையிலேயே உதாரணம் இருக்கிறது. தையலில் தப்பு இருந்தால் திருத்து என்பதற்கு ‘காஎ’. மாதம் என்பதற்கு ‘க்ஹாஎ’. சம்பளம் ‘ப்ராக் க்ஹாஎ’, மாதப் பணம். உங்கள் நோட்டில் இரண்டும் ‘காஎ’ என்றுதான் இருக்கும். அதைப் பார்த்து நீங்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசினால் எதிரே இருப்பவர் எதைத் திருத்தச் சொல்கிறீர்கள் என்று பார்ப்பார். அதே மாதிரி ‘தா’ தாத்தா, ‘த்ஹா’ சொல்வது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து இரண்டையும் சொல்லிப் பாருங்கள். இரண்டாவதில் கையில் காற்று பட வேண்டும். (இந்தப் பதிலில் நான் தமிழ் எழுத்தில் தந்திருப்பதும் அடையாளத்துக்கு மட்டும்தான். ஒலியை ஆட்களிடமிருந்தே எடுங்கள்.)

நம் வாய்க்கு இன்னொரு பழக்கம் உண்டு, சொல் மெய்யில் முடிந்தால் பின்னால் ஒரு உகரத்தைச் சேர்த்துவிடுவோம். பஸ்ஸு, பேங்க்கு. கெமரில் க், த், ப் என்று முடியும் சொற்கள் ஏராளம். அங்கே நாக்கும் உதடும் மூடியபடியே நின்றுவிடும், காற்று வெளியே வராது. தண்ணீருக்கான ‘துக்’ நம் வாயில் ‘துக்கு’ ஆகும்போதுதான் கடைக்காரர் முழிக்கிறார். ஆனால் இந்தச் சொல்லின் நடுவில் இருக்கும் உயிர், ஆங்கிலக்காரர்கள் மாதக்கணக்கில் திணறும் ஒலி, உங்களிடம் பிறந்ததிலிருந்தே இருக்கிறது. ‘பாக்கு’ என்று சாதாரணமாகச் சொல்லுங்கள், கடைசியில் உதடு குவியாமல் வரும் அந்தக் குறுகிய உகரம்தான் அது. மேலே சொன்ன ‘ச்ஹூ’விலும் அதே உயிர்தான், கொஞ்சம் நீட்டி. அதே போல ஞ, ங இரண்டும் சொல்லின் முதலில் வருவது மற்ற வெளிநாட்டவர்களுக்குப் பெரிய பாடு. நமக்கு அவை ஒன்றாம் வகுப்பிலேயே பழகிய ஒலிகள்.

இலக்கணத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். வினை எந்தக் காலத்துக்கும் எந்த ஆளுக்கும் மாறாது, ஆண்பால் பெண்பால் விகுதி கிடையாது, தாய்லாந்து, வியட்நாம் மொழிகளைப் போல ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறுவதும் கிடையாது. வினையைக் கடைசிக்குத் தள்ளும் நம் பழக்கத்தை மட்டும் விட வேண்டும்.

பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். உங்களை மூன்று முறையும் நிறுத்தியதில் பெரிய பங்கு இதற்குத்தான் என்று நினைக்கிறேன், நீங்கள் அதை நடுவில் ஒரு வரியாகச் சொல்லியிருந்தாலும். ‘ஸீ’ என்பது விலங்குகளுக்கும், நெருங்கிய தோழிகள் தங்களுக்குள்ளும் சொல்வது. பாட்டியிடம் ‘தின்னாச்சா’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வெளிநாட்டுக்காரர் உங்கள் அப்பத்தாவிடம் அப்படிக் கேட்டால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளும்தான் சிரிப்பார்கள், அன்றைக்கு அவருக்கு இன்னொரு கரண்டி சோறும் விழும். அந்தச் சிரிப்பில் வெறுப்பு இல்லை. சொல்லப்போனால், லைனில் பேசியதைக் காதால் பிடித்து, இடம் பார்த்து, வாக்கியமாக்கிப் பேசினீர்கள். மூன்று வகுப்புகளிலும் நீங்கள் கற்றதைவிட அது பெரிய விஷயம்.

சரியான சொற்கள் இவை. பொதுவாக ‘ஞாம்’. பெரியவர்களிடம், விருந்தினரிடம் ‘பிஸா’. பிக்குகள் உண்பதற்கு ‘ச்ஹான்’ என்று தனிச்சொல், அரச குடும்பத்துக்கு வேறு ஒன்று. நாளைக்கே பாட்டியிடம் போய் ‘யியய், பிஸா பாய் ஹஅய் நௌ?’ என்று கேளுங்கள். பாட்டி, சோறு சாப்பிட்டாச்சா, அவ்வளவுதான். அங்கேயும் இது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல, நம் ஊர் மாதிரியே நலம் விசாரிப்பது. பேத்திகள் மறுபடி சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பாட்டியை ‘யியய்’ என்று அழைப்பதையும் விடாதீர்கள். தன்னைவிட மூத்தவர் ஆணோ பெண்ணோ ‘போங்’, இளையவர் ‘ஓன்’, சித்தி வயதுக்கு ‘மிங்’, சித்தப்பா வயதுக்கு ‘பூ’. எதிரே இருப்பவர் வயதைப் பார்த்து முறை வைத்து அழைப்பது நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. உங்களுக்கு ‘ஆமாம்’ எப்போதும் ‘பாத்’. பெண்கள் சொல்லும் ‘சாஹ்’ஐ லைனில் கேட்டுப் பழகி நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

ஒன்றே ஒன்று. பாட்டியிடமோ அவர் வயதுக்காரர்களிடமோ நோட்டை நீட்டி ‘இதை எழுதிக் காட்டுங்கள்’ என்று கேட்காதீர்கள். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன, ஆசிரியர்கள் பெருமளவில் கொல்லப்பட்டார்கள். அப்போது பள்ளி வயதில் இருந்தவர்களில் பலருக்குப் படிப்பே போய்விட்டது. பேச்சில் அவ்வளவு செழிப்பாக இருப்பவர் எழுத்து என்றதும் ஒடுங்கிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். லைனில் இருக்கும் பெண்களிலும் சீக்கிரமே பள்ளியை விட்டவர்கள் உண்டு. அவர்களிடம் குரலைக் கேளுங்கள், எழுத்தை ஆசிரியரிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தை இரண்டாம் மாதத்தில் எடுக்கலாம், உயிர்க்குறியிலிருந்தே. உங்களைக் குழப்பியது இதுவாகத்தான் இருக்கும்: ஒரே உயிர்க்குறி ஒரு மெய்யோடு சேர்ந்தால் ஒரு ஒலி, இன்னொரு மெய்யோடு சேர்ந்தால் வேறு ஒலி. இதை மனப்பாடம் செய்யச் சொல்லியிருப்பார்கள். காரணம் தெரிந்தால் பாதி மனப்பாடம் குறைந்துவிடும். கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து வந்தது. தேதி குறித்த மிகப் பழைய கெமர் கல்வெட்டு அங்கோர் போரேயில் கிடைத்தது, ஆண்டு 611. அந்த எழுத்தில் வடமொழி மாதிரி ஒவ்வொரு வர்க்கத்திலும், அதாவது ka, kha, ga, gha, nga போன்ற ஐந்தெழுத்து வரிசையிலும், வல்லொலிக்கும் (ka) மெல்லொலிக்கும் (ga) தனித்தனி எழுத்து. நாளடைவில் பேச்சில் அந்த வேறுபாடு மறைந்து, வர்க்கத்தின் மூன்றாவது எழுத்தும் முதல் எழுத்து போலவே ஒலிக்கத் தொடங்கியது. ஆனால் மறைந்த வேறுபாடு பின்னால் வரும் உயிரில் போய் ஒட்டிக்கொண்டது. எழுத்து பழையபடியே நின்றுவிட்டது.

எனவே மெய்களை இரண்டு குழுவாகப் பாருங்கள். வர்க்கத்தின் முதல் இரண்டு எழுத்து முதல் குழு, அடுத்த மூன்றும் இரண்டாம் குழு. ண மட்டும் விலகி முதல் குழுவில் நிற்கும். ய, ர, ல, வ இரண்டாம் குழு, அதற்குப் பின் வரும் ஸ, ஹ முதலியவை முதல் குழு. ஆகாரக் குறி முதல் குழுவோடு ‘ஆ’, இரண்டாம் குழுவோடு ‘இய’ மாதிரி. ‘பாஷா’ என்ற ஒரே சொல்லில் இரண்டும் கிடைக்கும். முதல் எழுத்து இரண்டாம் குழு, அதனால் ‘ப்ஹிய’. அடுத்தது முதல் குழு, அதனால் ‘ஸா’. கெமரில் மொழிக்குப் பெயர் ‘ப்ஹியஸா’. திருப்பூரில் வடநாட்டு வியாபாரிகளோடு பழகி ஹிந்தி எழுத்து ஓரளவு தெரிந்தவராக இருந்தால் இந்த அட்டவணை ஒரு மாலையில் பிடிபட்டுவிடும். தெரியாவிட்டால் ஒரு வாரம்.

அப்புறம் பாடப்புத்தகத்தை விட்டுத் தெருவுக்கு வாருங்கள். கடைப் பலகைகளில் கெமர் மேலே, பெரிதாக இருக்கும், ஆங்கிலம் கீழே. விடை எழுதிய கேள்வித்தாள்தான். அதிலும் பெரிய சொற்கள் பலவும் நமக்குத் தெரிந்தவை. மருந்துக்கடை ஔஷத ஸ்தானம், வங்கி தன ஆகாரம் (இங்கே ஆகாரம் என்றால் வீடு, சாப்பாடு அல்ல), உணவகம் போஜனீய ஸ்தானம், போலீஸ் நகர பாலன், பல்கலைக்கழகம் சகல வித்யாலயம். ஒலி மாறியிருக்கும், எழுத்தைக் கூட்டினால் உள்ளே இருப்பது தெரியும். ஆனால் இதில் மயங்கி நின்றுவிடாதீர்கள். தமிழர்கள் பலர் இந்தச் சொற்களைக் கண்டு மகிழ்ந்து, ‘எல்லாம் நம்ம வார்த்தைதான்’ என்று அதோடு திருப்திப்பட்டுவிடுகிறார்கள். கேண்டீனில் உப்புக் கேட்க இவை உதவாது. வீட்டிலும் லைனிலும் புழங்குவது பெரும்பாலும் அந்த மண்ணின் சொற்கள். அவற்றை மதித்துக் கற்றால்தான் மொழி வரும்.

ஆசிரியர் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டும், வாரம் ஒரு முறை. ஆனால் பாடத்திட்டம் உங்களுடையதாக இருக்கட்டும். முதல் வகுப்பிலேயே ஃபோனில் பதிந்த குரல்களைப் போட்டுக் காட்டி, ‘இதில் எனக்குப் புரியாதது இது, என் வாயில் தவறாக வருவது இது’ என்று சொல்லுங்கள். விமான நிலையத்தில் டாக்ஸி பிடிக்கும் பாடத்தை எடுத்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லும் ஆசிரியரைவிட, ‘க்ஹாஎ’ சரியாக வரும் வரை விடாதவர் உங்களுக்குத் தேவை.

ஷிப்மெண்ட் நெருக்கடி மறுபடி வரும், அதற்கு இப்போதே ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அந்த வாரங்களில் வகுப்பு, எழுத்து, படிப்பு எதுவும் வேண்டாம். பாட்டியிடம் தினம் ஒரு கேள்வி, லைனில் ஒருவரிடம் ஒரு கேள்வி, அவ்வளவு போதும். யாராவது உங்களிடம் ஆங்கிலத்துக்குத் தாவினால் ‘சோம் நியியய் யுத் யுத்’, மெதுவாகப் பேசுங்கள் என்று கெமரிலேயே சொல்லுங்கள். பெரும்பாலும் திரும்பி வந்துவிடுவார்கள். ஏப்ரல் நடுவில், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி அவர்களுக்கும் புத்தாண்டு. கம்பெனி மூடும், எல்லோரும் ‘தௌ ஸ்ரொக்’ என்பார்கள், ஊருக்குப் போகிறேன் என்று. அதற்கு முந்தைய வாரம் ஒவ்வொருவரிடமும் ‘ஸ்ரொக் நௌ ஏ நா?’, ஊர் எங்கே என்று கேட்டு வையுங்கள். விடுமுறை முடிந்து வந்ததும் எல்லோரிடமும் பேச ஒரு பேச்சு தயாராக இருக்கும். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் மூதாதையருக்குப் படைக்கும் ப்சும் பென் வரும்போதும் இதே மாதிரி.

இரண்டு வருஷத்தில் தேறுமா? செய்தித்தாளைச் சரளமாகப் படிப்பது, ஒப்பந்தப் பேச்சுவார்த்தை நடத்துவது இதெல்லாம் உங்கள் வேலை நேரத்தை வைத்துப் பார்த்தால் நடக்காது என்றுதான் சொல்வேன். லைனில் ஒருவர் அழுதுகொண்டு வந்தால் உடம்பா, குழந்தையா, சம்பளமா என்று தெரிந்துகொண்டு, அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, லீவு எழுதிக் கொடுப்பது ஆறேழு மாதத்தில் நடக்கும். பாட்டியோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேச ஒரு வருஷம் ஆகலாம். அதற்கு மேல் எவ்வளவு வேண்டும் என்பதை அப்போது முடிவு செய்துகொள்ளலாம்.

அந்தப் பெண் இன்னும் அதே லைனில் இருந்தால் குரல் பதிவை அவளிடமிருந்து தொடங்க வேண்டாம். அன்றைய விஷயம் அவளுக்குக் கூச்சமாக இருக்கக்கூடும். மொழிபெயர்ப்பாளரிடம் அன்று அவள் சொன்ன சொற்கள் என்னென்ன என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அவைதான் உங்கள் பட்டியலின் முதல் வரி.